கேப் தெரியாமல் எடுத்த முகம்

1. எட்டுக் கழுத்து

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் ஒட்டியது எட்டுக் கழுத்து.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. முதலாளி குணா அண்ணன் ஒரு ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு, “அம்மிணி, இந்தப் பசங்களுக்கெல்லாம் கோட்டு மாட்டி உடு” என்று சொல்லி மெஷின் ரூமுக்குள் போய்விட்டார். எட்டுப் பேரும் செல்ஃபி அனுப்பியிருந்தார்கள். ஒருவன் பனியனோடு, ஒருவன் ஈரத் தலையோடு, ஒருவன் பைக் கண்ணாடியைப் பார்த்து எடுத்தது. தலையை மட்டும் கட்டிங் எடுத்து, ஃபோல்டரில் இருக்கும் கோட்டு உடம்பின் மேல் வைத்து, கழுத்து நிறம் ஒத்துப்போகிற மாதிரி செய்ய வேண்டும். எங்களிடம் இருந்த கோட்டு உடம்பே மூன்றுதான். அதனால் அந்த போர்டில் பாதிப் பேருக்கு ஒரே கை, ஒரே வாட்ச்.

நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள். அப்பா கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்குகிறவர். அம்மா அதே பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். நான் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் அவர்கள் லீவு போட்டதில்லை. அப்படி வாங்கிய டிகிரியை வைத்துக்கொண்டு எவனோ ஒருவனுக்குக் கழுத்து ஒட்டுகிறேனே என்று எனக்கு அன்று ஆத்திரம். ஆனாலும் ஒட்டினேன். நன்றாகவே ஒட்டினேன். செய்கிற வேலையை மோசமாகச் செய்ய எனக்கு வராது.

சாயந்தரம் இரண்டு பேர் ப்ரூஃப் பார்க்க வந்தார்கள்.

“ஏனுங்க்கா, என்னைய இன்னுங் கொஞ்சம் செவப்பாக்குங்க்கா.”

“டேய், இதுக்கு மேல செவப்பாக்குனா உங்கம்மாவே யாரோன்னு ஊட்டுக்குள்ள உட மாட்டாங்கடா” என்றான் கூட வந்தவன்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுத்தேன்.

2. பெஞ்சு

கடைக்கு எதிரே ஒரு பேக்கரி. வாசலில் சிமெண்ட் பெஞ்சு, பக்கத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் மேடை. ‘பட்டறை பாய்ஸ்’ என்று பேர் வைத்துக்கொண்ட பதினைந்து பேருக்கு அந்த இடம்தான் எல்லாம். காலையில் வேலைக்குப் போகும் முன் அங்கே, நாலு மணி டீக்கு அங்கே, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே. வெல்டர், டிங்கர், வயரிங் வேலை செய்கிறவன், அரியரைக் கட்டிக்கொண்டு திரிகிறவன், சொந்தமாக போர்வெல் ரிக் வண்டி ஓட்டும் குடும்பத்துப் பையன், எல்லாரும் கலந்த கூட்டம். பட்டறையில் அவர்களுக்கு ‘டேய்’ என்று பேர். வீட்டில் ‘தண்டம்’ என்று பேர். பெஞ்சுக்கு வந்தால் ஒருத்தன் டான், ஒருத்தன் பாஸ். ஃப்ளெக்ஸில் ஏறினால் கோட்டு, கூலிங் கிளாஸ். ஒருவருக்கொருவர் மாப்ள, மச்சான். அந்த ஆசை எனக்குப் புரிந்தது. நானும் எங்கேயும் பேரில்லாத வீட்டிலிருந்து வந்தவள்தான்.

புரியாதது ஒன்றுதான். அந்த பெஞ்சில் ஒரு பெண்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ரோட்டில் இருக்கிற பட்டறை ஆபீஸ்களில் கணக்கு எழுதும் பெண்கள் டீயைப் பார்சல் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி ஓடுவார்கள். நானும் மூன்று மாதம் ஓடினேன். ஒருநாள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பேக்கரிக்காரர், “பார்சலுங்களா?” என்றார்.

“இல்லீங்க, இங்கயே.”

பெஞ்சில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ரிக் வண்டிக்காரர் மகன் விக்னேஷ், கூட்டத்தில் தலைவன் மாதிரி இருப்பவன், “டேய், கம்ப்யூட்டர் அக்கா வந்திருக்காங்க, எல்லாரும் எந்திரிச்சு வணக்கம் வைங்கடா” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்தேன். கிளாஸை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒருவன் மட்டும் வழக்கம்போலப் பேசினான். “அக்கா, நீங்க போடற ஃபாண்ட்டுல ‘ழ’ நல்லாவே இல்லீங்க்கா. வால் பத்தல.”

அவன் தினேஷ். பெயிண்டர். புது லாரிகளின் நெற்றியில் பேர் எழுதுவது, கதவில் கழுகு வரைவது எல்லாம் அவன் கை. ட்ரான்ஸ்ஃபார்மர் மேடைச் சுவரில் ‘பட்டறை பாய்ஸ்’ என்று எழுதியதும் அவன்தான். எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கோபம். மறுநாள் கடைக்கு வந்து, ஒரு பேப்பரில் ‘ழ’ போட்டுக் காட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து எங்கள் கடை போர்டுகளில் ‘ழ’ அவனுடையது.

குணா அண்ணனுக்கு விஷயம் போய்விட்டது. “அங்க உக்காந்தியாமா அம்மிணி? பேச்சு வருமல்ல?”

“டீ குடிச்சனுங்க. அவங்களும் டீதானுங்க குடிச்சாங்க.”

அதன்பின் தினமும் உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் அவர்களுக்குப் பழகிவிட்டது. கோபம் எனக்குத்தான் பழகவில்லை. பத்து நிமிஷம் உட்காருவதற்கு நான் ஒரு மாதம் முறைப்பு வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் பிறந்ததிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

3. சின்ன கரெக்‌ஷன்

நான் சேர்ந்து மூன்று வருடம் ஆனபோது விக்னேஷுக்குக் கல்யாணம் வைத்தார்கள். நண்பர்கள் சார்பில் மண்டப வாசலுக்கு ஒரு பெரிய போர்டு. மேலே மாப்பிள்ளையும் பெண்ணும், கீழே நண்பர்கள் பதினாலு பேர், ஏழு ஏழாக இரண்டு வரிசை. ஆர்டர் கொடுத்தது தினேஷ். படங்களைச் சேர்த்தது, மேட்டர் எழுதியது, யார் யாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சண்டை தீர்த்தது எல்லாம் அவன். ப்ரூஃப் அவர்கள் வாட்ஸப் குரூப்புக்குப் போனதும், ஓகே என்று கட்டைவிரல் படங்களாக வந்து குவிந்தன. ப்ரிண்ட்டுக்கு ரெடி.

மறுநாள் மத்தியானம் விக்னேஷும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள்.

“அக்கா, ஒரு சின்ன கரெக்‌ஷன்.”

“எழுத்துப் பிழையா?”

“இல்லீங்க்கா. தினேஷ் படத்த மட்டும் எடுத்துருங்க.”

“வேற படம் தர்றானா?”

ஒருவன் ஷோகேஸைப் பார்த்தான். இன்னொருவன் போனைப் பார்த்தான். விக்னேஷ்தான் பேசினான். “பொண்ணு ஊட்டுக்காரங்க இதெல்லாம் நெம்பப் பாக்கறாங்க்கா. அவன் காலனின்னு யாரோ சொல்லிப்போட்டாங்க. என்ற மாமா போன் போட்டு, மண்டபத்து வாசல்ல அவன் மூஞ்சி வேண்டாம்னுட்டாரு.”

“அவன்கிட்டச் சொல்லியாச்சா?”

“அவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்ங்க்கா, நம்ம பையன். நடுவுல கேப் தெரியாமப் பண்ணிருங்க.”

குணா அண்ணன் கல்லாவிலிருந்து, “பண்ணிக் குடு அம்மிணி, கல்யாண வேலை” என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் காலனிதான். வேறு ஊர்க் காலனி. குணா அண்ணனுக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் அவர், “கஸ்டமர் யாராச்சும் ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டா, டவுனுதானுங்கன்னு சொல்லிப்போடு” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் மூன்று வருடமாக அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று வாயைத் திறந்திருந்தால், உனக்கென்ன இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிடக்கூடாது என்று ஸ்க்ரீன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கீழ் வரிசையில் ஐந்தாவது ஆள் தினேஷ். எடுத்தேன். மீதி ஆறு பேரையும் லேசாகப் பெரிதாக்கி அகலத்தை நிரப்பினேன். பக்கத்தில் இருந்தவன் தோளில் விழுந்திருந்த நிழலை அழித்தேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

“சூப்பருங்க்கா, தெரியவே இல்ல” என்றான் விக்னேஷ்.

அந்தப் பாராட்டைக் கேட்டதும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்கிற சந்தோஷம். அவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு நொடிக்காக என் மேலேயே எனக்கு இருக்கிற கோபத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

4. விரித்துக் காட்டுவது

எந்தக் கடையிலும் ஃப்ளெக்ஸைச் சுருட்டியபடி கொடுக்கமாட்டார்கள். வாங்க வருகிறவர் முன்னால் விரித்துக் காட்ட வேண்டும். பேர், தேதி, மண்டபம் எல்லாம் சரிதான் என்று அவர் சொன்ன பிறகுதான் டெலிவரி. அப்புறம் வந்து சண்டை போடக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம்.

போர்டை வாங்க வந்தது தினேஷ். தோளில் கயிறு. பட்டறை பாய்ஸ் போர்டு எதுவானாலும் ஏறிக் கட்டுவது அவன்தான். மற்றவர்கள் கட்டினால் நடுவில் தொய்ந்துவிடும். விக்னேஷ் கூட்டம் அவனை வேண்டுமென்றே அனுப்பவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்களுக்கு யோசனையே வரவில்லை. போர்டு என்றால் தினேஷ் போவான், தினேஷ் கட்டுவான். அவன் முகத்தை எடுக்கச் சொன்னவர்களுக்கு, அவன் கை அப்படியே இருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. வேண்டுமென்று அனுப்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

“பரவால்ல தினேஷ், நான் பாத்துட்டேன். அப்படியே எடுத்துட்டுப் போ.”

“போன தடவ மண்டபம் பேரு தப்பாப்போச்சல்லங்க்கா. விரிங்க.”

அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. மேலிருந்து படித்தான். பேர், தேதி, மண்டபம். பிறகு விரலால் முகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். மேல் வரிசை முடிந்தது. கீழ் வரிசை முடிந்தது. மறுபடியும் கீழ் வரிசையை முதலிலிருந்து தொட்டான். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான்.

“கலர் நல்லா வந்திருக்குதுங்க்கா.”

சுருட்ட ஆரம்பித்தான். நான் என் முனையை விடவில்லை. “நீ கட்டாத தினேஷ். இங்கயே வெச்சுட்டுப் போ. அவனுகளே வந்து கட்டட்டும்.”

“கட்டலீன்னா ஏன் கட்டலீன்னு எல்லாரும் கேப்பாங்க்கா. கட்டிட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.” கயிற்றைப் போட்டு முடிச்சு இறுக்கினான். “நீங்களா எடுத்தீங்க?”

“ஆமா.”

“நல்லாத்தான் எடுத்திருக்கீங்க.”

அவ்வளவுதான் சொன்னான். மறுநாள் மண்டபத்து வழியாகப் போனேன். போர்டு ஒரு சுருக்கம் இல்லாமல் நேராக நின்றது. கீழே மாலைக்கார வண்டியும் மேளக்காரர்களும். தினேஷ் அங்கே இல்லை. அதற்குப் பிறகு பெஞ்சுக்கும் அவன் வரவில்லை. சங்ககிரியில் ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டான் என்றார்கள். ஏன் போனான் என்று பெஞ்சில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ‘சம்பளம் ஜாஸ்தி போல’ என்று முடித்துக்கொண்டார்கள்.

5. ஸ்பீக்கரில் போடு

எட்டு மாதம் கழித்து மாரியம்மன் கோயில் திருவிழா, எங்கள் பக்கத்துப் பேச்சில் நோம்பி. கபடிப் போட்டிக்கு போர்டு வேண்டும் என்று விக்னேஷும் ஒரு நண்பனும் வந்தார்கள்.

“அக்கா, பழைய ஃபைல்ல தினேஷ் படம் இருக்குமுங்களே? அதை எடுத்து நடுவுல பெருசா வைங்க.”

“நடுவுலயா?”

“ரைடு போற ஆளே அவன்தானுங்க்கா. அவன் இல்லாம நாங்க முதல் ரவுண்டத் தாண்ட மாட்டோம். போன் பண்ணா ஒழுங்காப் பேச மாட்டேங்கறான். போர்டுல மூஞ்சியப் பாத்தான்னா சமாதானம் ஆயிருவான்.”

“அவனைக் கேட்டியா?”

“இல்லீங்க்கா, சர்ப்ரைஸா இருக்கட்டும்னு…”

எட்டு மாதமாக உள்ளே இருந்தது அப்படியே வந்துவிட்டது. “எடுக்கறப்பவும் அவனைக் கேக்கல, வெக்கறப்பவும் கேக்கல. அவன் மூஞ்சி என்ன உங்க வண்டி ஸ்டெப்னியா, வேணுங்கறப்ப எடுத்து மாட்டறதுக்கு?”

விக்னேஷ் முகம் சிவந்துவிட்டது. “நான் என்னங்க்கா பண்ணட்டும்? ஊட்ல ஒத்துக்கல. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுங்க்கா.”

“தெரியும். நானும் காலனிதான்.”

குணா அண்ணன் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். விக்னேஷின் நண்பன், “அது… எங்களுக்குத் தெரியாதுங்க்கா” என்றான்.

“தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவன் விக்னேஷைப் பார்த்தான். நான் விக்னேஷிடம் சொன்னேன். “ஊட்ல ஒத்துக்கலைங்கறத அவன்கிட்டச் சொல்ல உனக்கு வாய் வரல. என்கிட்ட வந்து கேப் தெரியாம எடுக்கச் சொன்ன. இப்ப போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. நீயே அவன்கிட்டக் கேளு.”

அவன் முதலாளியைப் பார்த்தான். குணா அண்ணன், “அம்மிணி சொல்றாளல்ல, போடு தம்பி” என்றார். என் பக்கம் பேசினாரா, கடையில் சத்தம் வேண்டாம் என்று பேசினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன் எடுத்ததும் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டது. ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தான் போல. “சொல்லு மாப்ள.”

விக்னேஷ் நோம்பியைப் பற்றிப் பேசினான். எந்தெந்த டீம் வருகிறது என்று சொன்னான். மழையைப் பற்றிக்கூடப் பேசினான். நான் மேசையைத் தட்டினேன்.

“மாப்ள… கல்யாண போர்டுல உன்ற படத்த எடுக்கச் சொன்னது நான்தான்.”

கம்ப்ரஸர் நின்றது.

“தெரியும். கட்டுனது நான்தான?”

“இப்ப நோம்பி போர்டுல உன்னைய நடுவுல வெக்கிறோம் மாப்ள. பெருசா.”

“வேண்டாம்.”

“மாப்ள, ஒரு நிமிஷம் கேளு…”

“நம்ம பசங்கள்ல அடுத்தது யாருக்குக் கல்யாணம், செந்திலுக்கா? அவன் மாமா போன் போடுவாரு. அக்கா மறுபடியும் உக்காந்து என்னைய எடுப்பாங்க. அவங்களுக்கு எதுக்கு ரெட்ட வேலை?” அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னான். “ஆடறதுக்கும் நான் வரல. பக்கத்துல அக்கா இருக்காங்களா?”

“இருக்கேன் தினேஷ்.”

“என்ற படம் இருக்கற ஃபைல அழிச்சுருங்க்கா.”

அவன் லைனில் இருக்கும்போதே தேடி எடுத்தேன். ஒரிஜினல் படம், கட்டிங் எடுத்தது, முதல் ப்ரூஃப், மூன்றையும் அழித்தேன். குப்பைத்தொட்டி ஃபோல்டரையும் காலி செய்தேன். “அழிச்சாச்சு.”

“சரிங்க்கா.” மறுபடியும் கம்ப்ரஸர் சத்தம். லைன் கட்டானது.

விக்னேஷ் போனைச் சட்டைப்பையில் போட்டான். “மத்தவங்கள வெச்சுப் போடுங்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனான். போட்டுக் கொடுத்தேன். முதல் ரவுண்டில் தோற்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அன்று சாயந்தரம் தினேஷுக்குத் தனியாக போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “அட உடுங்க்கா” என்றான். அவன் மன்னித்துவிட்டான் என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கையால் எழுத வேண்டிய போர்டுகள் வந்தால் அவனுக்குச் சொல்லி அனுப்புகிறேன். சில சமயம் எடுத்துக்கொள்கிறான், சில சமயம் நேரம் இல்லை என்கிறான். அது அவன் இஷ்டம்.

இப்போது இந்தக் கடையில் டிசைன் பகுதி என் பொறுப்பு. கோர்ஸ் முடித்துவிட்டு வரும் பெண்கள் இரண்டு பேர் என்னிடம் வேலை பழகுகிறார்கள். கட்டிங், கலர், கயிறு கோக்க ஐலெட் வளையம் அடிக்க விட வேண்டிய இடம் எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். இந்த வேலையில் நமக்குச் சொந்தக் கருத்து கிடையாது, கஸ்டமர் சொல்வதைச் செய்கிறோம் என்று எல்லாக் கடையிலும் சொல்லித் தருவார்கள். நானும் அதை நம்பித்தான் அன்று நாலு நிமிஷத்தில் வேலையை முடித்தேன். ஒரு ஆளுக்குத் தெரியாமல் அவனைக் கூட்டத்திலிருந்து எடுக்க நம்மால் மட்டும்தான் முடியும். நாம் இல்லாவிட்டால் அவர்கள் அதை வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் என் மேசையில் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரு போர்டிலிருந்து ஒருவர் படத்தை எடுக்க வேண்டுமா? எடுக்கிறேன். அந்த ஆளுக்கு இப்போது, என் முன்னால், ஸ்பீக்கரில் போன் போட்டுச் சொல்ல வேண்டும்.

போன வாரம் ஒரு வளைகாப்பு போர்டு. கீழ் வரிசையில் ஒரு பெண்ணின் படத்தை எடுக்கச் சொல்லி ஒரு பெரியவர் வந்தார். என்னிடம் பழகும் பெண் தடுமாறாமல் விதியைச் சொன்னாள். அவர் முறைத்தார், முதலாளி எங்கே என்றார், பிறகு விறைப்பாக போனை எடுத்து நம்பரை அழுத்தினார். முதல் ரிங் போனதும் கட் செய்துவிட்டார்.

“இருந்துட்டுப் போகட்டும், அப்படியே ப்ரிண்ட் போடு சாமி” என்றார்.